மைவிக்குக் களிமண் போட்ட கதை, இதுவரை

காடியைக் கழுவித் துடைத்துவிட்டு, தே ஐஸ் (குளிர்ந்த தேநீர்) கட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையை அலசிக் காயவைத்துக் கையில் மாட்டிக்கொண்டேன். பானட்டின் மேல் மெல்லத் தடவினால் உப்புத்தாளைத் தொட்டது போல இருந்தது. வெறும் கைக்குத் தட்டுப்படாத சொரசொரப்பு மெல்லிய பைக்குள்ளிருந்து தடவும்போது விரலுக்கு நன்றாகவே தெரிகிறது. பளபளவென்று வைத்திருக்கிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த கறுப்பு பெரோடுவா மைவி கார் இது. 2013ஆம் ஆண்டு எடுத்தது. வாரம் தவறாமல் கழுவுகிறேன், இருந்தும் இந்த நிலைமை.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் சடக்கு, பின்னால் ரயில் பாதை. ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும்தான் எரிப்பார்கள், அந்தக் கரி காற்றில் வரும். கல் உடைக்கும் இடத்து லோரி போனால் வெள்ளைத் தூசி. ரயில் சக்கரத்திலிருந்தும் நம் காடியின் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புப் பொடி சாயத்தில் குத்தி உட்கார்ந்து, மழைபட்டுத் துருவேறிவிடும். ஷாம்பு மேலே கிடக்கும் தூசியை எடுக்கும், ஒட்டிக்கொண்டதை எடுக்காது. அதற்குத்தான் கிளே பார் என்ற களிமண் கட்டி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 100 கிராம் கட்டி ஒன்றை 18 வெள்ளிக்கு வரவழைத்தேன். பதமான ரகம், ஃபைன் என்று போட்டிருந்தது.

அம்மா கட்டியைப் பார்த்ததும், "ஏன்யா, பிள்ளையார் பிடிக்கப் போறியா?" என்று கேட்டார். பெயர்தான் களிமண், உள்ளே மண் இல்லை. பிசைந்தால் வளையும் ரெசினில் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடியைக் கலந்தது. ஜப்பானில் உருவான பொருள். தடாவோ கொடாட்டே என்பவருக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தபோது அதில் இதற்கு இருந்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வளையக்கூடிய சாணைக்கல்' என்று வரும். அந்தப் பெயரை மட்டும் நான் முன்பே மனதில் வாங்கியிருந்தால் முதல் ஞாயிறு அப்படி ஆகியிருக்காது. சாணைக்கல்லை யாராவது காய்ந்த சாயத்தில் தேய்ப்பார்களா?

களிமண்ணைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை. தார்ப் புள்ளிகளுக்கு நான் ஒரு திரவம் வாங்கி வைத்திருந்தேன். தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, "மண்ணெண்ணெயில துணிய நனைச்சு ஒரு இழு இழு, போயிரும்" என்றார். போயிற்று. என் திரவத்தைவிட வேகமாகப் போயிற்று என்பதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. பிறகு அந்த இடத்தை ஷாம்பு போட்டு உடனே கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்து இரும்பைக் கரைக்கும் மருந்து. அடித்து மூன்று நிமிடத்தில் கதவின் கீழ்ப்பகுதியிலும் பின்கதவிலும் ஊதா நிறத்தில் கோடு கோடாக வழிந்தது. காயவிடாமல் கழுவினேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. வாசலுக்கு வந்த அண்ணி, "இது முடி சுருட்டுற கடை வாசமாச்சே!" என்றார். சரியாகத்தான் கண்டுபிடித்தார். முடியைச் சுருட்டும் மருந்திலும் இதிலும் தயோகிளைகோலேட் என்ற ஒரே வகை உப்புதான் வேலை செய்கிறது.

இதெல்லாம் முடித்து நான் பானட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. வெயில் போர்ச்சுக்குள் பாதி ஏறிவிட்டது. வழுக்கலுக்கு அடிக்கும் ஸ்பிரே அரை லிட்டர் 25 வெள்ளி, அதனால் சாமிக்குத் தீர்த்தம் தெளிப்பது போலத் தெளித்தேன். நாலு இழுப்புக்குள் ஆவியாகிவிட்டது. கட்டி வழுக்குவதை நிறுத்திவிட்டு, சப்பாத்தில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி இழுபட்டது. சாம்பல் நிறத்தில் இழுவல் இழுவலாக ஒட்டியது. கை வலுவாக அழுத்தினால் சரியாகிவிடும் என்று அழுத்தினேன், அது இரண்டாவது தவறு. சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தால் பானட் முழுக்கப் பனி மூடியது போல மங்கல், நடுவே நீளநீளமாக மெல்லிய கீறல்கள். விரலுக்கு வழவழவென்றுதான் இருந்தது, கண்ணுக்குத்தான் பார்க்க முடியவில்லை. அம்மா எட்டிப் பார்த்தார். "பிள்ளையார் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். குரங்கைப் பற்றி அவர் சொல்லவில்லை, எனக்குத்தான் நினைவு வந்தது.

நடந்தது இதுதான். வழுக்கல் திரவம் சாயத்துக்கும் கட்டிக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். கட்டி அந்தப் படலத்தின் மேல் மிதந்து போகும்போது, படலத்தைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டிருக்கும் கரியும் இரும்பும் மட்டும் அதில் இடிபட்டுப் பிய்ந்து வரும். படலம் காய்ந்தால் கட்டியே சாயத்தில் உட்கார்ந்துவிடும், அது வரைக்கும் பொறுக்கி வைத்த பொடியோடு சேர்த்துத் தேய்க்கும். மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சின் கனமோ சாதாரணமாக 40, 50 மைக்ரான். நம் தலைமுடி அதைவிடத் தடிமன். நான் ஸ்பிரேயில் மிச்சம் பிடித்தது இரண்டு வெள்ளிகூட இருக்காது.

அடுத்த ஞாயிறு காலை ஏழுக்கே ஆரம்பித்தேன். சாயம் தொட்டால் சில்லென்று இருந்தது. கட்டியை மூன்றாக வெட்டி, ஒரு துண்டை மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கினேன். குளிர் நாட்டு வீடியோக்களில் கட்டியை வெந்நீரில் போட்டு இளக்குவார்கள். இங்கே அது எடுக்கும்போதே அல்வா பதத்தில் இருக்கிறது. இளகிப்போனால் சாயத்தில் ஒட்டும் என்பதால் நான் குளிர்பெட்டியில் பிளாச்சான் என்ற இறால் விழுதுக்குப் பக்கத்தில் வைத்தேன், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

இந்தத் தடவை வழுக்கலையே சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். இடது பக்க முன்கதவின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதிக்குக் கடை ஸ்பிரே, மறு பாதிக்குக் காடி கழுவும் ஷாம்பு கலந்த தண்ணீர். ஒரு லிட்டருக்கு இரண்டு மூடி ஷாம்பு, இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய ஸ்பிரே பாட்டிலில். சாயத்தை மட்டும் நனைப்பதில்லை, கட்டியின் முகத்திலும் ஒரு அடி அடித்துவிட வேண்டும். ஒன்றரை அடிச் சதுரம் எடுத்து, நேர்கோட்டில், விரலின் பாரம் மட்டும் விழும்படி இழுக்க வேண்டும். வட்டம் போட்டுத் தேய்த்தால் ஏதாவது மாட்டியிருக்கும்போது கீறலும் வட்டமாக விழும், எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் கண்ணில் படும். முதல் நாலைந்து இழுப்புக்கு 'சரசர' என்று ஒரு சத்தம் வரும், கட்டி லேசாகத் தட்டுத் தட்டாகப் போகும். பிறகு சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே நிறுத்திவிடலாம். கட்டியைத் திருப்பினால் கரிபிடித்த தோசைக்கல்லைத் துடைத்த துணி போல இருந்தது. மடித்துப் பிசைந்து புது முகத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த சதுரத்துக்குப் போக வேண்டும்.

முடிவில் இரண்டு பாதிக்கும் பளபளப்பில் வித்தியாசம் இல்லை. ஷாம்புத் தண்ணீர் சீக்கிரம் காய்கிறது, கையோடு அலசவும் வேண்டும். ஸ்பிரே பொறுமையாக நிற்கிறது, துணியால் துடைத்தாலே போதும். அதனால் அழுக்கு அதிகமான கீழ்ப்பகுதிக்கெல்லாம் ஷாம்பை வாரி ஊற்றினேன். பானட், பின்கதவின் மேல்பாதி இவற்றுக்கு ஸ்பிரே. பாத்திரம் கழுவும் சோப்பு போதாதா என்று அப்பா கேட்டார். சில கட்டிகள் அதில் உதிர்ந்து போகும் என்பதால் வேண்டாம் என்றேன். மண்ணெண்ணெய் விஷயத்தில் தோற்றவன் நான் என்பதால் அவர் அரைமனதாகத்தான் தலையாட்டினார்.

ஒரு துண்டு கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஆறு வெள்ளித் துண்டு. கழுவினால் போகாதா என்று ஒரு நிமிடம் நின்றேன். போகாது, ஒரு மணல் உள்ளே புதைந்திருந்தாலும் கதவு முழுக்கக் கோடு போடும். பக்கத்து வீட்டுப் பையன் விளையாடக் கேட்டான், கொடுக்கவில்லை, குப்பையில் போட்டேன். கீழே விழாமல் கறுத்துப்போன துண்டை மட்டும் முன்கண்ணாடிக்கு ஒதுக்கி வைத்தேன். அதே ஸ்பிரேயோடு தேய்த்ததும் வைப்பர் 'கிரீச்' என்று கத்துவது நின்றுபோனது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மூன்றாம் ஞாயிறு பானட்டின் மங்கலுக்கு. மெல்லிய பாலிஷை வட்டப் பஞ்சில் எடுத்துக் கையாலேயே இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மங்கல் போனது. இரண்டு கீறல் மட்டும் டார்ச் வெளிச்சத்தில் இன்னும் தெரிகிறது, அதை விட்டுவிட்டேன். களிமண் பழைய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடுவதால் அன்றே மெழுகு போட்டாக வேண்டியிருந்தது. நாலு மணிக்கு வழக்கமான மழை. பானட்டிலும் கதவிலும் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. கூரையில் மட்டும் பழையபடி தகடாகத் தேங்கி நின்றது, அங்கே நான் இன்னும் கை வைக்கவில்லை.

கட்டியில் ஒரு துண்டு மிச்சம், ஸ்பிரே அடியில் நாலு விரல். புதன்கிழமை தீபாவளி. செவ்வாய் காலையில் ஏணியைக் கொடுப்பதாகப் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார்.