வளையத்தின் நிறம்: நாட்குறிப்பு

ஜூன் 3

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் முகச் சிற்பத்தைக் குடையும்போது, பிரஷ்ஷின் அளவைக் காட்டும் வளையம் இன்றும் மறைந்துபோனது. பரப்பை மேடாகக் கூட்டும்போது வரும் சிவப்பு வளையம் சாம்பல் நிறப் பரப்பின் மேல் தெளிவாக நிற்கிறது. கழித்துக் குடைய கன்ட்ரோல் விசையை அழுத்தியதும் வரும் நீல வளையமோ, தாடைக்குக் கீழே நிழல் திரளும் இடத்தை நெருங்கும்போதே கரையத் தொடங்குகிறது. வலக்கண்ணை மூடிக்கொண்டு, புரை விழுந்த இடக்கண்ணால் மட்டும் பார்த்தால் அங்கே எதுவுமே இல்லை.

ஜூன் 4

பிளெண்டரில் ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் கூட்டலுக்கு ஒரு கர்சர் நிறம், கழித்தலுக்கு ஒரு கர்சர் நிறம் என்று தனித்தனியே வைக்கலாம். நீலத்தை மஞ்சளாக்கினேன். நிழலில் நன்றாகத் தெரிந்தது. ஒளியும் நிழலும் வரைந்த ஓர் உருண்டைப் படத்திலிருந்து பரப்புக்கு நிறம் தரும் மேட்கேப்பைத் தோல் நிறத்துக்கு மாற்றியதும், நெற்றியின் ஒளிப்புள்ளியில் மஞ்சளும் தொலைந்தது.

ஜூன் 5

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது என் கண்ணின் குறை மட்டும் அன்று. ஒளிர்வில் ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் சொல்லும் எடைகளின்படி (சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722), தூய நீலத்தின் ஒளிர்வு 0.0722 மட்டுமே. திரையில் 0.3 மதிப்புள்ள சாம்பல், அதே அளவுகோலில் நேரியல் ஒளிர்வாக மாற்றினால் ஏறக்குறைய 0.073. ஆக, நிழலில் அந்தச் சாம்பல் வரும் இடத்தில் வளையத்துக்கும் பரப்புக்கும் ஒளிர்வில் வேறுபாடே இல்லை. நிறம் ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அந்த நீலத்தைத்தான் புரையால் மஞ்சளேறிய என் கண்ணின் லென்ஸ் வடிகட்டிவிடுகிறது.

ஜூன் 7

கண் சிகிச்சைக்கான அழைப்பு இன்னும் வரவில்லை.

ஜூன் 8

அடியில் உள்ள நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டும் வளையத்தை நிரலாக எழுதிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து 0.5-ஐக் கழித்தால் 0.5 தான் வரும். நடுச் சாம்பலில் வளையம் முழுவதுமாக மறைகிறது. சிற்பம் செதுக்குகிறவர்கள் பெரும்பாலான நேரம் வேலை செய்வது நடுச் சாம்பலில்தான்.

ஜூன் 10

மேட்கேப் ஷேடரின், அதாவது ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரலின், எளிமை எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. பார்ப்பவரின் கோணத்திலிருந்து பரப்புக்குச் செங்குத்தான திசையை எடுத்து, அதன் எக்ஸ், ஒய் மதிப்புகளைப் பாதியாக்கி 0.5 கூட்டினால், உருண்டைப் படத்தில் எந்தப் புள்ளியின் நிறத்தை எடுக்கவேண்டும் என்பது கிடைத்துவிடும். 2001-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று முன்வைத்த வழி இது. அதே படத்தை என் வளையத்தின் ஷேடரும் படித்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் அடியில் எவ்வளவு ஒளிர்வு இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஒளிர்வு 0.179-ஐத் தாண்டினால் கறுப்பு, குறைந்தால் வெள்ளை. அந்த எல்லையில் இரண்டுக்கும் மாறுபாட்டு விகிதம் ஒன்றேதான், ஏறக்குறைய 4.58, வேறெங்கும் அது இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் பொத்தான், ஐகான் போன்றவற்றுக்குக் கேட்பது 3 தான்.

ஜூன் 11

தேதி கிடைத்துவிட்டது. பதினெட்டு.

ஜூன் 13

உதட்டோரம் போன்ற மடிப்புகளில் கறுப்பும் வெள்ளையும் சட்டென்று மாறி மாறி மினுக்கின. ஸ்மூத்ஸ்டெப் என்ற படிப்படியாக மாற்றும் சார்பை வைத்து மாற்றத்தை மென்மையாக்கினால், கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் வழியில் வளையம் எங்கேனும் ஒரு புள்ளியில் பரப்பின் ஒளிர்வைத் தொட்டே தீரும், அங்கே மறையும். ஆகவே எந்தக் கணக்கும் தேவைப்படாத வழிக்கு வந்திருக்கிறேன்: உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை என ஒட்டிய இரண்டு கோடுகள். எந்தப் பரப்பிலும் இரண்டில் ஒன்று தெரியும். கூட்டலுக்கு முழுக் கோடு, கழித்தலுக்கு விட்டுவிட்டு வரும் கோடு. நிறத்தை நம்பவே வேண்டியதில்லை.

ஜூன் 14

நீல வளையமே கண்ணுக்குத் தப்பியதென்றால், இத்தனை நாளும் நான் நிழல்களில் பூசிய நீலம் எப்படி இருக்கும்? சிகிச்சை முடிந்தவர்கள், பார்ப்பதெல்லாம் நீலமாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள். முடித்துக் கொடுத்த முகங்களைத் திறந்து பார்க்கவே மனம் வரவில்லை. கண் சரியாவதை விரும்பிக் காத்திருக்கும் நானே அந்த முதல் பார்வையை எண்ணி அஞ்சுகிறேன்.

ஜூன் 15

நிறத் தேர்வியைத் திறக்கவில்லை.

ஜூன் 17

வளையத்தின் இடப்புறத்தில் கோணம் π-இலிருந்து −π-க்கு (180 பாகையிலிருந்து −180-க்கு) தாவும் இடத்தில், விட்டுவிட்டு வரும் கோடுகளில் ஒன்று மட்டும் பாதியில் அறுந்து நின்றது. சுற்றளவைக் கோட்டின் நீளத்தால் வகுத்து முழு எண்ணாக்கியதும் அது சேர்ந்துகொண்டது. கண்ணிமை செதுக்கும் அளவுக்கு ஆரத்தைக் குறைத்தால் கோடுகள் வெறும் புள்ளிகளாகிவிடுகின்றன. பத்து பிக்சலுக்குக் கீழே வளையத்தை முழுக் கோடாகவே வைத்துக்கொண்டு, கழித்தலுக்கு நடுவில் ஒரு சிறு கழித்தல் குறியை வரையலாமா என்று பார்க்கவேண்டும்.