பணிப்பாளர் கணக்கில் ஏறி நிற்கும் கடனைக் கம்பனிக்குத் திருப்பிக் கட்டுவது

வன்னியில் காலபோக நெல் வந்து குவிகிற நாட்களும் மார்ச் 31 கணக்கு முடிவும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ குடும்பமாக ஒரு அரிசி மில்லைத் தனியார் கம்பனியாகப் பதிந்து நடத்துகிறவர்களுக்கு ஐந்தொகையில் (கம்பனியின் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில்) "பணிப்பாளரிடமிருந்து வரவேண்டியது" என்ற வரி, அதாவது பணிப்பாளர் கம்பனியிலிருந்து எடுத்துக் கணக்குக் காட்டாத காசு, வீங்கிப்போவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

சட்டம் இதில் கடுமையானது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 217ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, கம்பனி தன் பணிப்பாளருக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. கம்பனி வேலைக்காகக் கொடுக்கும் முற்பணம் வேறு, வீட்டுக் கூரைக்கு எடுத்த காசு வேறு. பேரேட்டில் (கம்பனியின் கணக்குப் புத்தகத்தில்) இரண்டும் ஒரே கணக்கில் கிடந்தால் முழுத் தொகையும் கடனாகத்தான் தெரியும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் "ஒன்பது மாதமும் ஒரு நாளும் அவகாசம் இருக்கு" என்று சொன்னால், அது பிரித்தானிய வரிச் சட்டத்தின் கணக்கு. இங்கே அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆகவே காசு கட்டுவதற்கு முன் கணக்கைப் பிரியுங்கள். பேரேட்டில் 12 இலட்சத்து 60 ஆயிரம் நிற்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு வரியையும் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு, நெல் வாங்கக் கொடுத்தது, சொந்தச் செலவு, வாடிக்கையாளர் பணிப்பாளரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போட்ட விற்பனைக் காசு என்று மூன்றாக எழுதுங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது கம்பனியின் விற்பனை, பணிப்பாளரின் கையில் நிற்கும் கம்பனிக் காசு.

நெல் பகுதிதான் சிக்கல். கமக்காரருக்குக் கையில் காசு கொடுத்து, கொள்வனவுத் துண்டு (நெல் வாங்கியதற்கான சீட்டு) எழுதாமல் விட்டால் அந்தக் காசு முழுக்கப் பணிப்பாளர் தலையில் நிற்கும். துண்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிலோ, ஈரப்பதன், கிலோ விலை, கையொப்பம் ஆறும் இருக்க வேண்டும். ஈரப்பதனை விட்டால் இருப்புக் கணக்கும் இடிக்கும். 20 வீத ஈரப்பதனில் 10,000 கிலோ பச்சை நெல் வாங்கினால், 14 வீதத்துக்குக் காய்ந்ததும் கிட்டத்தட்ட 9,302 கிலோதான். எழுத்தில் விளக்கம் இல்லாவிட்டால் அந்த 698 கிலோ "காணாமல் போன நெல்". துண்டு இல்லாத கொள்வனவுக்கு இப்போதே அந்தக் கமக்காரரிடம் போய் உறுதிக் கடிதம் வாங்குங்கள். பின்திகதியிட்டுப் புதுத் துண்டு எழுதவே கூடாது. இப்படி 4 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு ஆதாரம் கிடைத்தால், உண்மைக் கடன் 8 இலட்சத்து 40 ஆயிரம்.

இதைத் தீர்க்க நல்ல வழி, சொந்தக் கணக்கிலிருந்து கம்பனிக் கணக்குக்கு வங்கி மூலம் மாற்றுவது. விவரக் குறிப்பில் "பணிப்பாளர் கடன் மீளச் செலுத்தல்" என்று எழுதுங்கள். காசாகக் கொண்டுவந்து பெட்டியில் போட்டால் அது விற்பனைக் காசா திருப்பிக் கட்டியதா என்று பின்னர் நிறுவ முடியாது.

பங்குலாபத்தாலும் கழிக்கலாம். பிடித்து வைத்த இலாபம் இருக்க வேண்டும், பங்குலாபம் கொடுத்த பிறகும் கம்பனியால் தன் கடன்களைக் கட்ட முடியுமா என்று பார்க்கும் கடன் தீர்க்கும் ஆற்றல் சோதனையில் அது தேற வேண்டும், கணக்காய்வாளரின் சான்றிதழும் வேண்டும். கடன்பட்டவருக்கு மட்டும் கொடுக்க முடியாது, ஒரே வகைப் பங்குக்காரர் எல்லோருக்கும் பங்குப்படி போக வேண்டும். 10 இலட்சம் அறிவித்து அவர் 60 வீதம் வைத்திருந்தால் அவர் பங்கு 6 இலட்சம். 15 வீத வரி 90,000 போக 5 இலட்சத்து 10 ஆயிரம் கடனில் கழியும். மற்றப் பங்குதாரருக்கு 3 இலட்சத்து 40 ஆயிரம் கொடுக்கக் காசு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். மிச்சம் 3 இலட்சத்து 30 ஆயிரத்தை மாதம் 30,000 படி 11 மாதத்தில் கட்டி முடிக்கலாம்.

மில் நிற்கும் காணி பணிப்பாளருடையது, வாடகையில் கழிப்போம் என்பார்கள். எழுத்தில் குத்தகை இருந்தால் சரி. வன்னியில் பல காணிகள் அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணிகள் என்பதால் குத்தகை எழுத முன் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அண்ணன் கம்பனிக்குக் கொடுத்த கடனைத் தம்பி பட்ட கடனோடு சும்மா நேர்செய்யவும் கூடாது, இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையும் பணிப்பாளர் சபைத் தீர்மானமும் வேண்டும்.

மார்ச் 30இல் கட்டி ஏப்ரல் 2இல் திரும்ப எடுப்பது மட்டும் வேண்டாம். கணக்காய்வாளர் ஏப்ரல் மாதக் கூற்றையும் கேட்பார். பதவி விலகினாலும் கடன் போகாது, கம்பனி கலைக்கப்பட்டால் கலைப்பாளர் வந்து கேட்பார்.

அடுத்த போகத்துக்கு "நெல் கொள்வனவு முற்பணம்" என்று தனிக் கணக்கு திறவுங்கள். ஒரு தடவைக்கு 3 இலட்சம் மட்டும் கொடுங்கள். அந்த 3 இலட்சத்துக்கான துண்டுகளும் மிச்சக் காசும் மேசைக்கு வந்த பிறகே அடுத்த காசோலை.