ஐம்பது வயதில் தையல் வகுப்பு

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் காலமெல்லாம் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றிய அக்காமாருக்குத் தையல் சொல்லித்தரப் போகிறவர்கள், தயவுசெய்து முதல் நாளே ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லாதீர்கள். நாற்பதைத் தாண்டினாலே கிட்டத்தில் இருப்பது மங்கும். முதலில் கண்ணாடி, அப்புறம்தான் மிஷின். அளவுத் தகட்டை வைத்து இலையைப் பிசகாமல் நறுக்கிய கை அது, துணி வெட்டுவதில் ஆரம்பித்தால் பாதிப் பாடம் அவர்களுக்கே தெரிந்திருக்கும். எழுத்துப் பரீட்சை எதற்கு, தைத்த ஜாக்கெட்டைப் பார்த்தால் போதாதா?

சரி, பயிற்சிக்கு வந்தால் அன்றைய கூலி? கைத்தொழில் செய்பவர்களுக்காக 2023இல் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உண்டு, வயதுக்கு மேல்வரம்பும் கிடையாது. ஆனால் அது ஏற்கெனவே தையல் தொழிலில் இருப்பவர்களுக்கு. பீடியை விட்டுப் புதிதாக வருகிறவரை அதில் சேர்க்க மாட்டார்கள், அதுதான் எனக்குக் கோபம்.