ஏற்காட்டு ஸ்பீக்கருக்கு உள்வயர் மாற்றிய கதை: மூன்றாம் வாரம்

ஏற்காட்டில் மாமா வீட்டுப் பழைய ஸ்பீக்கர் ஜோடியைப் போன மாதம் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பின்சீட்டில் தலையணைக்கு நடுவே பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. திறந்து பார்த்தால் ஊஃபர் (கனத்த சத்தத்துக்கு), ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கு), க்ராஸ்ஓவர் (சத்தத்தை இரண்டுக்கும் பிரித்து அனுப்புவது) எல்லாம் நன்றாக இருக்கின்றன, வயர்தான் காலி. மலை ஈரத்தில் செம்பு பச்சையாகப் பூத்து, பற்றவைத்த இடத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

சரி, வயர்தானே என்று முதல் வாரம் ஒரு கடையில் முக்கால் ஸ்கொயர் (குறுக்குப் பரப்பு 0.75 சதுர மி.மீ.) ஸ்பீக்கர் வயர் பத்து மீட்டர் வாங்கினேன். "சுத்தமான செம்புதாங்க தம்பி" என்றார் கடைக்காரர். பளபளவென்று சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் முறுக்கி டெர்மினலில் கோக்கும்போது இழைகள் பட் பட்டென்று ஒடிந்தன. சந்தேகம் வந்து ஓர் இழையைப் பிளேடால் சுரண்டி டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்தேன். மேல்தோல் போனதும் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்!

அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இவ்வளவு சின்ன ரெசிஸ்டன்ஸ் சாதாரண மல்டிமீட்டரில் நேரடியாகத் தெரியாது. அதன் முள்களை ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2 ஓம் காட்டும். அதனால் 5 வோல்ட் போன் சார்ஜரில் 10 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் போட்டு, ஏறத்தாழ 1 ஆம்பியர் கரண்டை 5 மீட்டர் வயர் வழியாக ஓடவிட்டு, வயரின் இரு முனைகளுக்கு நடுவே மில்லிவோல்ட் பார்த்தேன்; அது கூடினால் ரெசிஸ்டன்ஸ் கூடுதல் என்று அர்த்தம். 188. அப்புறம் வேறு கடையில் வாங்கிய ஈயம் பூசிய செம்பு வயர், அதே முக்கால் ஸ்கொயர், அதே நீளம்: 123. (ரெசிஸ்டர் கொதிக்கும், கை வைக்காதீர்கள்.) இந்த இரண்டாவது வயரைச் சுரண்டினால் கதை அப்படியே தலைகீழ். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

இங்கேதான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் வயர் 40 செ.மீ.தான், போக வர 80. செம்பு என்றால் சுமார் 0.02 ஓம், அலுமினியம் என்றால் 0.03. க்ராஸ்ஓவரில் ஊஃபருக்குப் போகும் கம்பிச் சுருளில் மட்டுமே 0.4 ஓம் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இந்த 0.01 வித்தியாசம் எந்தக் காதுக்கும் எட்டாது. அலுமினியத்தை நான் ஒதுக்கியது சத்தத்துக்காக இல்லை. இழை ஒடிகிறது, அந்த மலை ஈரத்தில் பற்றவைத்த இடம் நிற்காது, அவ்வளவுதான். ஈயம் பூசிய வயரைத் தேர்ந்தெடுத்ததும் அதே காரணத்துக்குத்தான்.

நண்பன் ஒருவன் வெள்ளி வயர் போடச் சொன்னான். செம்பைவிட வெள்ளி ஆறேழு சதவீதம் நன்றாகக் கடத்தும், உண்மைதான். நம்ம ஊரில் வெள்ளிக்கா பஞ்சம்? ஆனால் அந்தக் காசுக்கு மாமா மகளுக்குக் கொலுசு வாங்கித் தரலாம், அந்தச் சத்தமாவது எல்லோருக்கும் கேட்கும்.

இரண்டாம் வாரம் முழுக்க வேறொரு தலைவலி. எங்கள் வீடு அம்மாபேட்டையில். தறிச் சத்தம் அடங்கினால்தான் எதையும் ஒழுங்காகக் கேட்க முடியும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தவில் தனி ஆவர்த்தனம் போட்டேன். தொப்பி (தவிலின் கனத்த சத்தம் தரும் பக்கம்) அடி விழும்போதெல்லாம் இடது பெட்டியில் ஒரு "ர்ர்ர்". ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் உரசுகிறது, போச்சு என்று நினைத்தேன். ஊஃபரைக் கழற்றி, அதன் கூம்பை (கோன்) விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உரசலே இல்லை. மறுபடி மாட்டி, போனில் ஒரே சுருதியைத் தாழ்விலிருந்து மெதுவாக ஏற்றினால், 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் பின்பக்கப் பிளைவுட் படபடக்கிறது. உள்ளே டார்ச் அடித்த பிறகுதான் புரிந்தது. ஊஃபரை வெளியே இழுத்துப் பற்றவைக்க வசதியாக இருக்கட்டும் என்று நானே தாராளமாக விட்ட வயர்தான் தொங்கிப் பலகையில் தாளம் போட்டிருக்கிறது.

இரண்டு வயரையும் முறுக்கி, பழைய கம்பளித் துணியைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றி, பக்கப் பலகையில் கிளிப் அடித்துப் பிடித்தேன். ஊஃபரின் பின்பக்கம் படாமல் ஒரு சாண் மட்டும் தொங்கல். டெர்மினலுக்குப் பின்னால் வயர் நுழையும் துளையில் காற்றுக் கசியாமல் சிலிக்கோன். மறுபடி அதே தவில். "ர்ர்ர்" போயே போச்சு.

மாமா நேற்று போன் செய்தார். "மாப்ளே, பாட்டு கேட்க வயரை எதுக்குடா சுரண்டிக்கிட்டுக் கிடக்கே?" வலது பெட்டி இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தால் மலைக்கு ஏற்றிவிடலாம்.