மூணு மொழி பேசுற ஊர்ல இங்கிலீஷுக்கு மட்டும் ஏன் தொண்டை அடைக்குது?

ஓசூரில் காய்கறிக் கடைப் பையனைக் கவனியுங்கள். தெலுங்கில் விலை சொல்வான், கன்னடத்தில் பேரத்துக்குப் பதில் சொல்வான், தமிழில் சில்லறை கேட்பான், எதற்கும் இலக்கணப் புத்தகம் வாங்கியதில்லை. அதே பையன் பள்ளியில் அத்தனை வருஷம் இங்கிலீஷ் படித்தும், சிப்காட் கம்பெனி இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் முழிக்கிறான். எழுதி மார்க் வாங்கினானே தவிர வாயைத் திறந்து பேசியதில்லை, அவ்வளவுதான்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் டென்ஸ் அட்டவணையைக் கொஞ்ச நாள் ஓரம் கட்டுங்கள். வேலையில் தேவைப்படும் வாக்கியங்களை முழுசாக வாயில் ஏற்றுங்கள். "ஐ வில் செக் அண்ட் டெல் யூ", "குட் யூ ரிப்பீட் தட்?" மாதிரி. சொல்வளம் போதவில்லையே என்று கவலை வேண்டாம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பில் சுமார் 1,500 சொற்களை வைத்துக்கொண்டு உலகச் செய்தியையே நிதானமாக வாசித்தார்கள்.

நிறைய பேர் மாட்டிக்கொள்வது நடு நிலையில்தான். பேச வரும், ஆனால் எதிராளிக்குப் புரியாது. இதற்கு பிபிசியின் 6 மினிட் இங்கிலீஷ் மாதிரி ஒன்றைக் காதில் போட்டு, அவர்கள் பேசப் பேச நிழல் மாதிரி கூடவே பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். நம் வாய் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்லும். இங்கிலீஷ் அப்படி இல்லை. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில், மற்றதெல்லாம் பாதி விழுங்கப்படும். இது காதில் பிடிபட்டதும் பேச்சு சட்டென்று தெளிவாகும். அமெரிக்க உச்சரிப்பை நடித்துக் காட்டுவது வேறு விஷயம், அது தேவையே இல்லை.

'முப்பதே நாளில் சரளம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுகிறார்களே, அந்தச் சரளம் என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்க ஆசை. மொழித் திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் வைத்திருக்கும், ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரையான அளவுகோலில், சி1 என்பது சொல்லுக்குத் தடுமாறாமல் இயல்பாகப் பேசுவது. பெரிய பெரிய வார்த்தை கணக்கில்லை.

நீங்கள் அங்கே வந்துவிட்டீர்களா என்று பார்க்க ஒரு வழி. கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் தோட்டத்திலிருந்து கூழ் ஆலைக்குப் போய் டின்னில் அடைபடும் வரை நடப்பதை, மாந்தோப்பையே பார்க்காத ஒருவருக்கு இங்கிலீஷில் சொல்லுங்கள், அவர் குறுக்கே கேள்வி கேட்கட்டும். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் அந்த ஆளாக நடித்தாலும் போதும்.