மாவு நாளும் லீவு நாளும்: நான் ஊதி எழுதிய கணக்கு

பேக்கரியில் பதினெட்டு வருஷமாக மாஸ்டர் வேலை. கடைசி இரண்டு வருஷமாக இளைப்பு. பனி, வயசு, முன்னே குடித்த பீடி என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நெஞ்சு டாக்டர்தான், "லீவு நாள்ல எப்படி இருக்கு?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அன்றைக்கும் இளைக்கத்தான் செய்யும் என்றேன்.

"சரி, ஊதி எழுதிட்டு வாங்க" என்று பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார். டார்ச் லைட் அளவு பிளாஸ்டிக் குழாய், மேலே எண்கள், நடுவே நகரும் முள். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். எழுந்ததும், வேலை நடுவில், வேலை முடிந்ததும், படுக்கப் போகும்போதும் ஊத வேண்டும். ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை எழுத வேண்டும். இப்படி நான்கு வாரம். அதுவரை மருந்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மாற்றினால் எது எதனால் என்று பிடிபடாதாம்.

ஊதுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா ஊதாங்குழலில் அடுப்பு ஊதுகிற மாதிரி நீளமாக ஊதினேன், 280. நர்ஸம்மா சிரித்துவிட்டார். வெடித்துக் கிளம்புகிற அந்த முதல் வேகம்தான் கணக்கு, இழுத்து ஊதிப் பிரயோஜனம் இல்லை. மறுநாள் 540! பெருமையாகப் போய்க் காட்டினால், ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ஊதுறது இல்லண்ணே, துப்புறது" என்றார். புளியங்கொட்டையைத் துப்புவது போல நாக்காலும் கன்னத்தாலும் தள்ளியிருக்கிறேன். முள்ளைக் கீழே இறக்கி, நின்றுகொண்டு, விரல் முள்ளில் படாமல், நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே அடி. மூன்று எண்ணும் பக்கம் பக்கமாக விழுந்தால் சரியாக ஊதுகிறோம் என்று அர்த்தம். முதல் நான்கு நாள் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

வேலை நாளில் காலை 430. மாவு சலித்துப் பிசைந்து முடித்தபின் 340. கூத்து என்னவென்றால், 340-லும் நான் நன்றாகத்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவெளி 90, சராசரி 385, அதாவது 23 சதவீத ஆட்டம். ஆரோக்கியமான ஆளுக்கு 10-க்குள் இருக்குமாம்.

மூன்றாம் வாரம் மச்சினிச்சி கல்யாணம், ஊரில் எட்டு நாள். முதல் இரண்டு நாள் பெரிதாக ஏறவில்லை. நான்காம் நாள் 460, எட்டாம் நாள் 490. மாவை விட்டு விலகினாலும் மூச்சு தேறச் சில நாள் பிடிக்கிறது; ஒரு நாள் லீவு ஏன் எதையும் காட்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கடைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி 350.

டாக்டர் எண்களைப் புள்ளி வைத்து இணைத்தார். கல்யாண வாரம் மேடு, மற்றதெல்லாம் பள்ளம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் குத்திப் பார்க்கிற அலர்ஜி சோதனையும் கோதுமை மாவைத்தான் காட்டியது. முதலாளியிடம் நோட்டையே நீட்டினேன். வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா தெரியாது. இப்போது தனி அறையில் கேக் அலங்கார வேலை. இன்ஹேலர் தொடர்கிறது, காலை 470-க்குக் குறைவதில்லை.

மாவு சலிக்கப் புதுப் பையன் வந்திருக்கிறான். மூட்டை பிரித்ததும் விடாமல் தும்முகிறான். "சளி மாஸ்டர்" என்கிறான். நேற்று அவனுக்கென்று ஒரு மீட்டரும் கோடு போட்ட நோட்டும் வாங்கி வந்தேன்.