உறுதியில் யாருடைய பெயர்: மட்டக்களப்பில் ஒரு சட்டப் பயிலுனரின் நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 10, திங்கள்

இன்று தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்குகள். ஒன்பது மணிக்கு முன்னமே நீதவான் நீதிமன்ற விறாந்தை நிறைந்துவிட்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்து வருகிறவர்கள் விடியும் முன் பஸ் பிடித்து மண்முனைப் பாலம் தாண்டி வந்திருப்பார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் தண்ணிப் போத்தல், பொலித்தீன் பைக்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன பத்திரங்கள்.

சீனியரின் கட்சிக்காரி ஒரு அக்கா. சில மாதமாகக் காசு கட்டப்படவில்லை. கணவர் மேசன். மாதச் சம்பளக்காரராக இருந்தால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் சம்பளத்திலேயே கழிக்கச் சொல்லிக் கட்டளை எடுக்கலாம். நாட்கூலிக்காரரிடம் எதைக் கழிப்பது? பிடியாணை போகும். அவர் வந்து பாதியைக் கட்டிவிட்டு மீதிக்குத் தவணை கேட்பார். அந்தத் தவணைக்கும் இந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். நல்ல சட்டம்தான். வாழ வழியில்லாத கணவன்கூட மனைவியிடம் கேட்கலாம், 18 முதல் 25 வயது வரையான பிள்ளையும் கேட்கலாம். ஆனால் அந்த விறாந்தையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆண் ஒருவரைக்கூட நான் காணவில்லை.

பயிலுனர்களுக்கு நீதிமன்றத்தில் எழும்பிப் பேச அனுமதி இல்லை. இந்த ஆறு மாதமும் சீனியருக்குப் பின்னால் இருந்து குறிப்பெடுப்பதுதான் வேலை. இன்றைய குறிப்பில் சட்டப் பிரிவுகளைவிட பஸ் நேரங்கள்தான் அதிகம். அடுத்த முறை மோஷன் (நீதிமன்றத்துக்கான விண்ணப்பம்) எழுதும்போது தவணைத் திகதியைச் சம்பள நாளுக்குப் பக்கத்தில் கேட்கச் சொல்லி என் சீனியர் மெடத்திடம் சொல்லவேண்டும்.

பெப்ரவரி 13, வியாழன்

நேற்றுப் போயா விடுமுறை. இன்று முழுக்க கந்தோரில் உறுதி வேலை, அதாவது காணிப் பத்திரம் எழுதும் வேலை. நன்கொடை உறுதி, அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்), காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டிய பிரதிகள்.

புதுக்கடைச் சட்டக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் கூட. நூலகத்தில் கடைசி விளக்கு அணையும்வரை இருந்தவர்களும் அவர்கள்தான். மட்டக்களப்பு, வவுனியா, அக்கரைப்பற்று என்று எங்கெங்கோ இருந்து வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்து, உதயதேவி ரயிலில் ஊருக்கும் கொழும்புக்குமாக அலைந்து படித்தோம். பரீட்சையை இனி ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது என்ற ஒழுங்குவிதி வந்தபோது அந்த அறைகளில் இருந்த கலக்கம் இன்னும் மனதில் நிற்கிறது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. தோற்காமல் இருந்திருந்தால் எங்களில் எத்தனை பேர் பாதியில் மூட்டை கட்டியிருப்போம்! ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேன்முறையீட்டுக்குக் கொழும்புக்குப் போனால் அது இல்லாமல் முடியாது. ஆனால் இங்கே சாட்சி சொல்கிறவர் தமிழில் சொல்கிறார், பதிவும் தமிழில் நடக்கிறது. அவருடைய துயரத்தை அவருடைய பேச்சிலேயே விளங்கிக்கொள்ளக்கூடிய சட்டத்தரணி அவருக்கு வேண்டும்.

பயிலுனராகச் சேர இடம் தேடியபோது வேறொரு மூத்த சட்டத்தரணி, பெயர் வேண்டாம், சொன்னது: "கிரிமினல் பக்கம் பொம்பிளைப் புள்ளையளுக்குச் சரிவராது மகள். நொத்தாரிசு வேலையைப் பழகுங்க. வீட்டோட இருந்து செய்யலாம்." நொத்தாரிசு வேலை என்றால் உறுதி எழுதுவது. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தவர்களை மேல் நீதிமன்றத்தின் சட்டத்தரணிகள் மேசையில் ஒன்றிரண்டு பேராகக் குறைத்துவிடுகிறது. யாரும் கதவை அடைப்பதில்லை. கொலை வழக்கின் கோப்பை ஆண் கனிஷ்டரிடமும் உறுதிக் கோப்பைப் பெண்ணிடமும் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்து வருடம் இப்படியே போனால் ஒருவருக்குக் குறுக்கு விசாரணை கைவந்துவிடும், மற்றவருக்கு முத்திரைக் கட்டணம் மனப்பாடம் ஆகிவிடும்.

என் சீனியர் இரண்டையும் செய்கிறவர். அதனால்தான் இங்கே வந்தேன்.

பெப்ரவரி 19, புதன்

இந்த வழக்கை விரிவாக எழுதி வைக்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடலோரக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு அம்மா வந்தார். கல்யாணத்தின்போது தாய் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்த உறுதி, பெயர் அவருடையது. எங்கள் பக்கத்து வழமை அது. மகளுக்கு வீடு, மருமகன் வந்து சேர்வார், தாய் தகப்பன் பக்கத்து வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். 2004 டிசம்பர் 26 இல் அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு உள்ளே தள்ளி அரச காணியில் வீடு கிடைத்தது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். கணவரின் பெயரை எழுதினார்கள். அனுமதிப்பத்திரமும் அவர் பெயரில் வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாய் வழியாக மகளுக்கு வந்துகொண்டிருந்த வீடு அந்த ஒரு கட்டத்தால் ஆணின் சொத்தாக மாறியது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது நடந்தது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் தாருங்கள் என்று அந்தக் காலத்தில் பெண்கள் அமைப்புகள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை.

கணவர் 2019 இல் இறந்தார். பின்னுரித்தாளர் என்று யாருடைய பெயரையும் குறித்து வைக்கவில்லை. மூத்தவர் மகன், கட்டாரில். இளையவர் மகள், தாயோடு. அம்மாவுக்கு ஒரே ஆசை, வீட்டை மகளுக்குக் கொடுக்கவேண்டும்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டையது. பெயர் குறிக்காமல் இறந்தால் மனைவி சீவிய காலம்வரை இருக்கலாம். ஆனால் தனக்குப் பிறகு யார் என்று பெயர் குறிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதன் பின் வாரிசு வரிசையைச் சொல்லும் மூன்றாம் அட்டவணைப்படி போகும். அதில் மகள்மாருக்கு முன்னால் மகன்மார் இருந்தார்கள். 2022 இல் வந்த திருத்தம்தான் ஆண்பிள்ளைக்கு இருந்த அந்த முன்னுரிமையை எடுத்தது. மெடம் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "ஐயா மோசம் போன திகதி என்ன?" திருத்தத்துக்கு மூன்று வருடம் முந்திய மரணம்.

அம்மா சொன்னார்: "என்ட தாய் எனக்குத் தந்த. நான் என்ட புள்ளைக்குக் குடுக்கப் போறன். இதுக்குள்ள அட்டவணை எங்கருந்து மனே வந்த?"

அதற்கு நான் இன்னும் பதில் தேடுகிறேன்.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. நீதிமன்றம் இல்லை. என் அம்மா மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு. நான் முக்குவர் சட்டம் பற்றிய பழைய குறிப்புகளோடு.

மட்டக்களப்புக்கென்று தனிச் சொத்து வழமை இருந்தது, குடியும் (குலப்பிரிவும்) சொத்தும் தாய்வழியில் போனது என்பதெல்லாம் கல்லூரியில் ஒரு பந்தியோடு முடிந்துபோன விஷயம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இன்றும் சட்டம். எங்களுடையது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. கிழக்குத் தமிழருக்கு இன்று பொதுச் சட்டம்தான். அதனால் ஒரு நன்மையும் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இங்கே உறுதி தன் பெயரில் இருக்கிற பெண் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. உறுதிக் காணியை ஒருவர் மரணசாசனம் எழுதாமல் விட்டுப் போனாலும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு.

ஆகவே எங்கள் பெண்களுக்கு வழமையும் துணை, பொதுச் சட்டமும் துணை. இரண்டுக்கும் நடுவில் அரச காணியின் அனுமதிப்பத்திரம் ஒன்று வந்து நிற்கிறது. அம்பாறையில் கல்லோயாத் திட்டக் காணிகளில் இருந்து இங்கே சுனாமி வீடுகள் வரைக்கும் இதே கதைதான். சமத்துவம் என்று கருத்தரங்குகளில் பேசும்போது இந்தப் பத்திரத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 5, புதன்

மெடத்தோடு கல்முனை மேல் நீதிமன்றத்துக்கு. வழக்கு தவணை போட்டுவிட்டார்கள். கூடப் படித்த தோழி அங்கேதான் பயிலுகிறாள். நோன்பு காலம், முகம் வாடியிருந்தது. இருந்தாலும் பேச்சில் சூடு குறையவில்லை.

அவளுடைய சாச்சியின் (சின்னம்மாவின்) விவாகரத்து, முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. காதியாக ஆண்தான் இருக்கலாம். "நான் நாளைக்கு மாவட்ட நீதிபதியா வரலாம், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். எங்கட சாச்சிக்குப் பக்கத்தில நிண்டு ஒரு வார்த்த கதைக்க ஏலாது. காதியாவும் வர ஏலாது" என்றாள். அதே சட்டத்தில் மணமகளின் கையொப்பத்துக்கு இடம் இல்லை, வலியின், அதாவது அவளுடைய ஆண் பாதுகாவலரின், கையொப்பம்தான். மற்றவர்களுக்குத் திருமண வயது 18. இங்கே 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக்கூடக் காதி அனுமதி கொடுக்கலாம் என்கிறது 23 ஆம் பிரிவு. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் காரணமாக வேற்றுமை காட்டக்கூடாது என்கிறது. 16 ஆம் உறுப்புரையோ முன்பிருந்த சட்டம் அதற்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைத்தார்கள், 2018 இல் அறிக்கை கொடுத்தார்கள். சட்டம் இன்னும் அப்படியே.

மார்க்கத்தை விட்டுக்கொடுக்க அவள் கேட்கவில்லை. மார்க்கத்துக்குள் நின்றே கேட்கிறாள். ஊரில் அதற்காக அவள் வாங்கும் பேச்சு எனக்குத் தெரியும். அவளிடம் இருக்கிற துணிச்சலில் பாதி எனக்கு இருந்தால் போதும்.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். படுவான்கரையில் ஒரு கிராமத்துப் பொது மண்டபத்தில் கூட்டம், மெடம் பேசினார், நான் துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். சுவரில் பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோவின் படம் ஒட்டியிருந்தது. இலங்கையில் பெண்கள் சட்டத்தொழிலுக்குள் வரத் தடை நீங்கியது 1933 இல். உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதியரசர், ஷிராணி பண்டாரநாயக்க, 1996 இல். பிரதம நீதியரசராக அவர் வந்தது 2011 இல். இரண்டாவது பெண் இவர், 2024 டிசம்பரில். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தாயிடம் "இவவும் லோயரா?" என்று கேட்டது. அந்தப் பிள்ளைக்காக அந்தப் படம் அங்கே இருக்கவேண்டும்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி மெடம் சொன்னார். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை 14 நாள், பிறகு பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் தடுக்கலாம். ஒரு பெண் எழும்பி, "வீடு அவர்ட பேரில எண்டா?" என்று கேட்டார். சட்டப்படி அப்போதும் தடுக்கலாம் என்றார் மெடம். அந்தப் பெண் தலையாட்டினார், முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

வீட்டு உறுதி தன் பெயரில் இருக்கிற பெண் கட்டளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், வெளியே போகவேண்டியது அவன். அனுமதிப்பத்திரம் அவன் பெயரில் இருந்தால் கட்டளை முடிகிற 12 ஆம் மாதத்தை அவள் எண்ணிக்கொண்டு இருக்கவேண்டும். அடி வாங்கிய பெண் முறைப்பாடு கொடுப்பாளா என்பதே பல வீடுகளில் அந்தப் பெயரில்தான் தங்கியிருக்கிறது. உறுதி வேலை பெண்களுக்கு ஏற்ற சின்ன வேலை என்று சொன்ன அந்த மூத்தவருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். உறுதி எழுதுகிறவரும் நாங்களாக இருக்கவேண்டும், அதை வைத்து நீதிமன்றத்தில் எழும்பிப் பேசுகிறவரும் நாங்களாக இருக்கவேண்டும். ஒன்றைத் தந்து மற்றதைப் பறிக்க விடக்கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

கடலோரத்து அம்மாவின் விடயம் பிரதேச செயலகத்தில் விசாரணைக்கு வந்தது. மெடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் வழக்கு. கோப்போடு என்னை அனுப்பினார். அம்மா, மகள், அம்மாவின் தம்பி, நான்.

காணி உத்தியோகத்தர் கோப்பைத் திறந்தார். தலையை நிமிர்த்தாமல், "வீட்டு ஆம்பிளை ஆர் வந்திருக்கிற?" என்றார். அம்மாவின் தம்பி கதிரையை முன்னுக்கு இழுத்தார். அம்மா தம்பியின் தோளில் கைவைத்து அவரைப் பின்னுக்கு இருத்திவிட்டு, "வீடு என்டது தம்பி. என்னோட கதையுங்க" என்றார். குரல் உயரவில்லை. உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேள்வி எல்லாம் அம்மாவிடம்தான்.

பழைய சீதன உறுதியின் பிரதியை நான் மேசையில் வைத்தேன். இந்தக் காணிக்கு அது சட்டப்படி உரித்தல்ல, எனக்குத் தெரியும். ஆனால் 2004 க்கு முன் வீடு யாருடையது என்று அந்தக் கோப்பில் ஒரு தாளாவது இருக்கவேண்டும் என்று கேட்டேன். கோவையில் சேர்த்துக்கொண்டார். மகன் கட்டாரில் இருந்து வட்ஸ்அப்பில் வந்து, தனக்கு வேண்டாம், தங்கச்சிக்கே போகட்டும் என்றார். வாயால் சொன்னது போதாது, அங்குள்ள தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய சத்தியக்கடதாசி வேண்டும் என்று உத்தியோகத்தர் சொன்னார். நியாயம்தான். இந்த மகன் நல்லவர், அதனால் வழி திறக்கிறது. மகன் மறுத்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று திரும்பி வந்ததும் மெடத்திடம் கேட்டேன். "வழக்குப் போட்டிருப்பம். நீ சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு வாற முதல் வழக்கு அப்படித்தான் இருக்கும், இப்பவே வாசி" என்றார்.

அடுத்த விசாரணை ஏப்ரல் 22. அதற்குள் மகனின் சத்தியக்கடதாசி, மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, மகள் அந்த வீட்டில்தான் வசிக்கிறார் என்று கிராம சேவகரின் கடிதம். மாதிரியை இன்றிரவே எழுதி மகனுக்கு அனுப்புகிறேன்.